ஏரிச் சேற்றில் பச்சை மணிகள்: ஒரே செல், உள்ளே ஏராளமான உட்கருக்கள்... இதை எந்த வகையில் சேர்ப்பது?

ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு வடக்குப்பட்டு பழகிய பெயராக இருக்கும். தொழிற்சாலை காம்பவுண்டு, ஏரி, வயல், மறுபடியும் தொழிற்சாலை என்று மாறி மாறி வரும் பகுதி அது. 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு நடத்தியபோது கற்காலக் கருவிகள் கிடைக்க, ஊர்ப் பெயர் செய்திகளிலும் அடிபட்டது.

மண்ணுக்கு அடியில் கிடைத்ததைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. இது மண்ணுக்கு மேலே இருப்பதைப் பற்றிய கதை.

வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் காஞ்சிபுரம் மாவட்ட ஏரிகள், தை, மாசி மாதங்களில் மெல்ல உள்வாங்கத் தொடங்கும். தண்ணீர் பின்வாங்கிய ஓரத்தில், கால் வைத்தால் புதையும் ஈரச் சேறு மிஞ்சும். இப்படிக் காய்ந்துகொண்டே வரும் சேறுதான் 'பாட்ரிடியம்' என்ற உயிரிக்கு மிகவும் பிடித்த இடம். கடுகு அளவில் பளபளக்கும் பச்சை மணிகளாக, கூட்டம் கூட்டமாகச் சேற்றின் மேல் முளைத்திருக்கும். அடியில் நிறமில்லாத வேர் போன்ற இழைகள் மண்ணுக்குள் கிளைவிட்டுப் போகும்.

பார்த்தால் ஏதோ குட்டிச் செடி என்றுதான் தோன்றும். ஆனால் மேலே இருக்கும் மணி, கீழே இருக்கும் 'வேர்' எல்லாம் சேர்த்து ஒரே ஒரு செல். அந்த ஒரு செல்லுக்குள் உட்கரு, அதாவது இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்கள் சொல்லும் நியூக்ளியஸ், ஒன்றல்ல; ஏராளம்.

செல் என்றால் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டிய சின்னப் பொருள், ஒரு செல்லுக்கு ஒரு உட்கரு என்றுதானே பள்ளியில் படித்தோம்? பின் இது எப்படி? இப்படிப்பட்ட உயிர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அதனால் நமக்கு என்ன ஆகப்போகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

செல்கள் ஏன் பொதுவாகச் சின்னதாகவே இருக்கின்றன?

பெரும்பாலான விலங்கு, தாவர செல்களின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரைதான். இதற்குக் காரணம் எளிய கணக்கு.

ஒரு செல்லின் அகலத்தைப் பத்து மடங்கு ஆக்கினால் அதன் மேற்பரப்பு நூறு மடங்கு ஆகும். ஆனால் உள்ளே இருக்கும் கொள்ளளவு ஆயிரம் மடங்கு ஆகிவிடும். உணவு, ஆக்சிஜன், கழிவு எல்லாமே மேற்பரப்பு வழியாகத்தான் போய்வர வேண்டும். வாசல் நூறு மடங்கு, உள்ளே இருக்கும் கூட்டம் ஆயிரம் மடங்கு என்றால் நெரிசல் வராதா?

இன்னொரு சிக்கலும் உண்டு. எந்தப் புரதத்தை எப்போது தயாரிக்க வேண்டும் என்ற உத்தரவின் நகல் உட்கருவிலிருந்துதான் கிளம்புகிறது. செல் ரொம்பப் பெரிதாகிவிட்டால், ஒரு மூலையில் இருக்கும் ஒற்றை உட்கருவின் உத்தரவு மறுமூலைக்குப் போய்ச் சேரவே நேரமாகிவிடும்.

நம் உடல் இதற்குக் கண்டுபிடித்த வழி, சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்துக்கொள்வது. பாட்ரிடியம் போன்றவை வேறு வழியில் போயின. அறைகளுக்கு நடுவில் சுவரே கட்டவில்லை. உட்கருக்களை மட்டும் பெருக்கிக்கொண்டன. ஒரகடத்துக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஒரே பெரிய ஷெட், உள்ளே தடுப்பு எதுவும் கிடையாது, ஆனால் பத்தடிக்கு ஒரு சூப்பர்வைசர். அவ்வளவுதான்.

கோழி முட்டையின் மஞ்சள் கருவும் ஒரே செல்தானே என்று சிலர் கேட்கலாம். சரிதான். ஆனால் அதன் பெரும்பகுதி சேமித்து வைத்த உணவு. வேலை நடக்கும் இடம் மேலே இருக்கும் சின்னப் புள்ளி மட்டுமே.

இளநீரில் ஒளிந்திருக்கும் பதில்

சுவர் இல்லாமல் உட்கருக்கள் மட்டும் மிதக்கும் நிலையைப் பார்க்க எங்கேயும் போக வேண்டாம். சாலையோர இளநீர்க் கடையில் நின்றாலே போதும்.

தேங்காய் உருவாகும்போது, கருவுக்கு உணவாக இருக்கப்போகும் திசு முதலில் ஒற்றை உட்கருவோடு தொடங்குகிறது. அந்த உட்கரு இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்துகொண்டே போகிறது. ஆனால் நடுவில் சுவர் எழும்புவதில்லை. பிற்பாடுதான் ஓரங்களில் சுவர் எழும்பி, செல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. அப்படிச் சுவர் எழும்பிய பகுதிதான் வழுக்கை, பிறகு தேங்காய். நடுவில் நீராகவே நின்றதுதான் இளநீர். நீட் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இந்த வரி ஞாபகம் இருக்கும்.

நம் உடலுக்குள்ளேயும் இதற்கு உதாரணம் உண்டு. கை, கால் தசைகளில் இருக்கும் ஒவ்வொரு இழையும் பல உட்கருக்கள் கொண்ட நீண்ட செல். ஆனால் அது உருவான விதம் வேறு. தனித்தனியாக இருந்த பல செல்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே இழையாகின்றன.

ஆக, பல உட்கரு நிலைக்கு இரண்டு பாதைகள் இருக்கின்றன. உட்கரு மட்டும் பிரிந்து, செல் பிரியாமல் இருப்பது ஒன்று. இதை 'சீனோசைட்' என்கிறார்கள். பல செல்கள் சேர்ந்து ஒன்றாவது இன்னொன்று; அது 'சின்சிடியம்'. பாட்ரிடியம் முதல் வகை. நம் தசை இரண்டாவது வகை.

1925: சேற்றில் குனிந்து பார்த்த சென்னைக்காரர்

இந்தியாவில் பாட்ரிடியம் பற்றிய முக்கியமான பதிவு வெளியாகி நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. எழுதியவர் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963). சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வகத்தை வழிநடத்தியவர். இந்தியப் பாசியியலின் தந்தை என்று அழைக்கப்படுபவர். 1925-ல் இந்தியத் தாவரவியல் கழகத்தின் ஆய்விதழில், இந்தியாவில் கிடைத்த பாட்ரிடியம் வகைகளைப் பற்றி அவர் எழுதினார். 'பாட்ரிடியம் டியூபரோசம்' என்ற இனத்தின் பெயருக்குப் பின்னால் இன்றும் ஐயங்கார் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவருடைய இன்னொரு புகழ்பெற்ற கண்டுபிடிப்பான 'ஃப்ரிட்ஷியெல்லா'வும் இதே மாதிரி இடத்து ஆசாமிதான். மழைநீர் தேங்கிக் காய்ந்துவரும் வண்டல் மண்ணில் வளரும் பாசி அது. 1932-ல் அதை விவரித்து, தன் பேராசிரியர் ஃப்ரிட்ஷின் பெயரையே அதற்கு வைத்தார். நாம் செருப்பு கெட்டுவிடுமே என்று ஒதுங்கிப் போகும் சேறு, அவருக்கு ஆய்வுக்கூடம்.

பாட்ரிடியம் வாழ்கிற விதமும் அந்தச் சேற்றோடு பின்னிப் பிணைந்தது. சேறு மேலும் காய்ந்தால், மணிக்குள் இருக்கும் உயிர்ப்பொருள் கீழே வேர் போன்ற இழைகளுக்குள் இறங்கி, தடித்த ஓடு கொண்ட சின்ன உறைகளாக மாறி, மண்ணுக்குள்ளேயே காத்திருக்கும். மறுபடியும் தண்ணீர் வந்தால் கதையே மாறும். இத்தனை நாள் ஒன்றாக இருந்த செல், தனித்தனி உட்கரு கொண்ட நுண்ணிய நீந்தும் விதைகளாகப் பிரிந்து வெளியேறும். ஒவ்வொன்றும் புதிதாக ஒரு மணியைத் தொடங்கும்.

ஒரே மாதிரி இரண்டு பேர்: அயோடின் அவிழ்த்த முடிச்சு

இங்கேதான் வகைப்பாட்டுச் சிக்கல் தொடங்குகிறது.

பாட்ரிடியம் வளரும் அதே சேற்றில், அதே மாதிரி பச்சை மணியும், அதே மாதிரி வேரிழையும், அதே மாதிரி பல உட்கருக்களும் கொண்ட இன்னொரு உயிரி வளர்கிறது. பெயர் 'புரோட்டோசைஃபான்'. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் வெறும் கண்ணால் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

விஞ்ஞானிகளே ஏமாந்திருக்கிறார்கள். 1877-ல் ரோஸ்டஃபின்ஸ்கி, வோரோனின் என்ற இரு ஆய்வாளர்கள் பாட்ரிடியத்தின் வாழ்க்கைச் சுழற்சியை விரிவாக எழுதினார்கள். அதில் இரண்டு உயிரிகளும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒரே உயிரியின் வேறு வேறு பருவங்கள் என்று நினைத்துவிட்டார்கள். 1896-ல்தான் ஜெர்மானியத் தாவரவியலாளர் கியோர்க் கிளெப்ஸ், இவை இரண்டும் வேறு என்று பிரித்து, புரோட்டோசைஃபானுக்குத் தனிப் பெயரும் கொடுத்தார்.

வித்தியாசம் எங்கே இருந்தது? பள்ளி லேபில் எல்லோரும் செய்த அயோடின் சோதனையிலேயே இருந்தது. புரோட்டோசைஃபான் தன் உணவை மாவுப்பொருளாகச் சேமிக்கிறது. பச்சை நிறத்தை நீக்கிவிட்டு அயோடின் விட்டால் நீலக் கறுப்பாக மாறும். பாட்ரிடியத்தில் மாவுப்பொருள் கிடையாது. அது எண்ணெயாகச் சேமிக்கிறது. அயோடின் விட்டாலும் நீலம் வராது.

இன்னும் உள்ளே போனால் வித்தியாசம் கூடிக்கொண்டே போகிறது. நெல், வேம்பு, புல் எல்லாவற்றிலும் இருக்கும் 'பச்சையம் பி' என்ற நிறமி புரோட்டோசைஃபானில் உண்டு, பாட்ரிடியத்தில் இல்லை. நீந்தும் விதைகளின் வால்களும் வேறு. புரோட்டோசைஃபானுக்கு ஒரே நீளத்தில் இரண்டு வால்கள். பாட்ரிடியத்துக்கு ஒன்று நீளம், ஒன்று குட்டை. நீளமானதில் நுண்ணிய முடிகள்.

முடிவு என்ன? புரோட்டோசைஃபான் பச்சைப்பாசி; செடிகொடிகளுக்குத் தூரத்துச் சொந்தம். பாட்ரிடியம் அந்தக் குடும்பமே இல்லை. கடலில் வளரும் கெல்ப் எனும் பெரிய பழுப்புப் பாசிகளும், டயாட்டம்களும் இருக்கும் 'ஸ்ட்ராமினோபைல்' என்ற வேறொரு பெருங்குழுவைச் சேர்ந்தது. ஒரே சேற்றில் ஒரே உருவத்தில் நிற்கும் இந்த இரண்டு மணிகளுக்கும் இடையே உள்ள உறவு, வேப்பமரத்துக்கும் பாட்ரிடியத்துக்கும் உள்ள உறவைவிட நெருக்கமானது இல்லை.

மன்னார் வளைகுடாவின் ராட்சசன்

கடுகு அளவெல்லாம் ஒரு பெரிசா என்று கேட்பவர்கள் ராமேஸ்வரம் பக்கம் போக வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் வளரும் 'காலெர்ப்பா' ஒரு பச்சைக் கடற்பாசி. தரையில் படரும் தண்டு, மேலே இலை போன்ற பகுதி, கீழே வேர் போன்ற இழை எல்லாம் இருக்கும். அதில் ஒரு வகை குட்டிக் குட்டி உருண்டைகளாகக் கொத்தாக இருப்பதால் கடல் திராட்சை என்ற பெயர் வந்தது. இலை, தண்டு, வேர் என்று பிரித்துப் பேசினாலும், உள்ளே குறுக்குச் சுவர் கிடையாது. மீட்டர் கணக்கில் நீளக்கூடிய இந்த முழு உடலும் ஒரே செல். செல் சரிந்துவிடாமல் இருக்க, உள்ளே கம்பி கட்டியதுபோல் நுண்ணிய தூண்கள் ஓடுகின்றன.

சுவரே இல்லாத ஒரு செல்லில், இது இலை, இது வேர் என்று எப்படி முடிவாகிறது? 2015-ல் ஆஷிஷ் ரஞ்சன், நீலிமா சின்ஹா, டேனியல் சிட்வுட் உள்ளிட்டோர் 'பிளாஸ் ஜெனெட்டிக்ஸ்' இதழில் இதற்கு ஒரு பதிலை வெளியிட்டார்கள். காலெர்ப்பாவின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஆர்.என்.ஏ.-வை, அதாவது உட்கரு அனுப்பும் உத்தரவின் நகல்களை, தனித்தனியாக எடுத்துப் பார்த்தார்கள். நுனியில் ஒரு கலவை, அடியில் வேறொரு கலவை. சுவர் இல்லாவிட்டாலும் உத்தரவுகள் கலந்து குழம்பவில்லை; இடத்துக்கு ஏற்ப அடுக்காகவே இருந்தன.

இந்த உடலமைப்புக்கு ஒரு ஆபத்தான பக்கமும் உண்டு. ஒரே செல் என்றால் ஒரு வெட்டு விழுந்தால் மொத்தமும் ஒழுகிப் போக வேண்டும். காலெர்ப்பா அப்படிச் சாவதில்லை. வெட்டுப்பட்ட இடத்தைப் பிசின் போன்ற அடைப்பால் சீக்கிரமே மூடிக்கொள்கிறது. உடைந்த துண்டு தனியாக வளரத் தொடங்கிவிடும்.

அதன் விளைவை மத்தியதரைக் கடல் அனுபவித்தது. 1984-ல் மொனாக்கோ கடல்சார் அருங்காட்சியகத்தின் கீழே கடலில், சுமார் ஒரு சதுர மீட்டர் அளவில் 'காலெர்ப்பா டாக்சிஃபோலியா' தென்பட்டது. மீன் தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட வகை அது. படகுகளின் நங்கூரத்திலும் வலையிலும் ஒட்டிய துண்டுகள் போகுமிடமெல்லாம் வேர்விட்டன. அங்கே இருந்த கடற்புல்வெளிகளை மூடிக்கொண்டு, பிற நாட்டுக் கரைகளுக்கும் பரவியது. 2000-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் தலைகாட்டியது. அங்கே ஆறு வருடம் போராடி, சுமார் 70 லட்சம் டாலர் செலவழித்து ஒழித்தார்கள். வெப்பமண்டலக் கடல்களில் அது காலம் காலமாக இருக்கும் சொந்த ஊர்க்காரன். மத்தியதரைக் கடலில்தான் அது ஆக்கிரமிப்பாளன்.

மரக்கட்டையில் மஞ்சள் நுரை

மூன்றாவது ஆளை மழைக்காலத்தில் வீட்டுப் பக்கத்திலேயே பார்க்கலாம். மட்கிய மரக்கட்டை, வைக்கோல், உதிர்ந்த இலைக் குவியல், மழையில் நனைந்து கிடக்கும் பழைய மரப் பேலட்... இவற்றின் மேல் திடீரென்று மஞ்சளாக, யாரோ வாந்தி எடுத்த மாதிரி ஒன்று பரவிக் கிடக்கும். 'ஃபூலிகோ செப்டிகா' என்ற சளிப்பூஞ்சையாக இருக்க வாய்ப்பு உண்டு. இங்கிலீஷில் இதை 'ஸ்லைம் மோல்டு' என்கிறார்கள். நாய் வாந்தி என்பதே அதன் பட்டப்பெயர்.

அந்த நுரையும் பருவத்தில் ஒரே செல்தான். சுவரில்லாத கூழ், உள்ளே எண்ணற்ற உட்கருக்கள். அது நகரும், பாக்டீரியாவை விழுங்கும். அதன் சொந்தக்காரரான 'ஃபைசாரம்' மூளையே இல்லாமல் புதிருக்கு வழி கண்டுபிடிப்பதை ஜப்பானின் தோஷியுகி நகாகாகி குழு 2000-ல் காட்டியது. 2010-ல் டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்களின் வரைபடம் மாதிரி ஓட்ஸ் துண்டுகளை வைத்தார்கள். ஃபைசாரம் அவற்றை இணைத்துப் போட்ட பாதை, அந்த ஊர் ரயில் பாதைக்கு ஈடாக இருந்தது. கம்பெனி பஸ் ரூட் போடுகிறவர்கள் கவனிக்கலாம்!

சரி, இது பூஞ்சையா, விலங்கா? 1833-ல் இதற்கு 'மிக்ஸோமைசீட்ஸ்' என்று பெயர் வைத்தவர்கள் பூஞ்சை என்றார்கள். 1859-ல் ஜெர்மனியின் அன்டன் டி பாரி, இது நகர்ந்து இரை தின்கிறதே என்று 'மைசீடோஸோவா' என்றார். பூஞ்சை விலங்கு என்று அர்த்தம். தாவரவியல் துறையும் விலங்கியல் துறையும் நீண்ட காலம் எங்கள் ஆள் என்று சொல்லிக்கொண்டன. இன்றைய மரபணு ஆய்வுகளின்படி இது அமீபாக்களின் குடும்பம். வேடிக்கை என்னவென்றால், இதற்குப் பெயர் வைக்கும்போது மட்டும் இன்றும் பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான சர்வதேச விதிப் புத்தகத்தைத்தான் பின்பற்றுகிறார்கள்.

அப்படியானால் எப்படித்தான் வகைப்படுத்துவது?

பல உட்கரு உள்ள பெரிய செல்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடுமே என்று தோன்றலாம். அது, பறக்கிறது என்பதற்காகக் காகத்தையும் வௌவாலையும் தட்டானையும் ஒரே இனம் என்று சொல்வது போல. பறப்பது ஒரு திறமை. அது சொந்தத்துக்குச் சாட்சி ஆகாது. பல உட்கருவும் அப்படித்தான். பெரிதாக வளர வேண்டும் என்ற ஒரே பிரச்னைக்கு, தொடர்பே இல்லாத பல குடும்பங்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்த ஒரே மாதிரி தீர்வு அது.

இன்றைய நிலவரப்படி அவை இருக்கும் இடங்கள் இவை:

• காலெர்ப்பா, புரோட்டோசைஃபான் – பச்சைப்பாசிகள். தாவரங்கள் இருக்கும் பெருங்குழு.

• பாட்ரிடியம் – ஸ்ட்ராமினோபைல்; கெல்ப், டயாட்டம்களின் சொந்தம்.

• ஃபூலிகோ, ஃபைசாரம் – அமீபாக்களின் பெருங்குழு.

• ஜீனோஃபையோஃபோர் – கடலடியில் வாழ்பவை. சில இனங்கள் 20 செ.மீ. வரை வளரும். ஒரு காலத்தில் கடற்பஞ்சு என்றுகூட நினைக்கப்பட்டவை. இப்போது ஃபொராமினிஃபெரா என்ற ஓடுகட்டி ஒருசெல் உயிரிகளின் குழுவில் இருக்கின்றன. 2011-ல் மரியானா அகழியில் பத்து கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இவை படம்பிடிக்கப்பட்டன.

• ரைசோபஸ் – பழைய ரொட்டியில் வரும் பூஞ்சை. இதன் இழைகளுக்குள்ளும் பொதுவாகச் சுவர் இருக்காது. இது உண்மையான பூஞ்சை.

ராபர்ட் விட்டேக்கர் 1969-ல் முன்வைத்த ஐந்து உலக வகைப்பாட்டைத்தான் நம்மில் பலர் பிளஸ் ஒன்னில் படித்தோம். செல் எப்படி இருக்கிறது, சுவர் உண்டா, எப்படிச் சாப்பிடுகிறது என்று கேட்டுப் பிரிக்கும் முறை அது. தொடங்குவதற்கு நல்ல வழி. ஆனால் ஆளின் தோற்றத்தையும் தொழிலையும் வைத்து அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று ஊகிப்பது போன்றது. டி.என்.ஏ.வை ஒப்பிடும் இன்றைய முறை நேரடியாக வம்சாவளியைக் கேட்கிறது. அதனால்தான் 'புரோட்டிஸ்டா' என்ற பெட்டி இப்போது உடைந்து, பல பெருங்குழுக்களாகப் பிரிந்திருக்கிறது. எதிலும் சேராதவற்றைப் போட்டுவைத்த பெட்டி அது என்பது தெரிந்துவிட்டது.

இதை ஒருசெல் உயிரி என்று சொல்வதே சரியா என்ற கேள்வியும் பழையதுதான். 1892-லேயே ஜெர்மானியத் தாவரவியலாளர் ஜூலியஸ் சாக்ஸ், எண்ண வேண்டியது செல்லை அல்ல. ஒரு உட்கருவும் அது ஆளும் உயிர்ப்பொருளும் சேர்ந்ததுதான் ஒரு அலகு என்றார். அதற்கு 'எனர்ஜிட்' என்று பெயரும் வைத்தார். அவர் கணக்குப்படி, பாட்ரிடியம் ஒரு ஆள் இல்லை, சுவரில்லாத வீட்டில் இருக்கும் ஒரு கூட்டுக்குடும்பம். தண்ணீர் வந்ததும் அது ஒற்றை உட்கரு விதைகளாகப் பிரிந்து போவதைப் பார்த்தால், சாக்ஸ் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே தோன்றும்.

இதனால் நமக்கு என்ன?

பெட்டியில் பெயர் மாறினால் என்ன, உயிர் மாறிவிடுமா? மாறாது. ஆனால் மருந்து மாறும்.

பாட்ரிடியம் இருக்கும் அதே ஸ்ட்ராமினோபைல் பெருங்குழுவில் 'ஃபைட்டோஃப்தோரா' என்ற கிருமி இருக்கிறது. அதன் இழைகளும் பெரும்பாலும் சுவரில்லாமல், பல உட்கருக்களோடு ஓடும். 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழுகவைத்து, பத்து லட்சம் பேர் வரை சாகக் காரணமான பஞ்சத்தின் பின்னால் இருந்தது இதன் ஒரு இனம். நம் ஊரில் வெற்றிலைக் கொடி அழுகல், மிளகுக் கொடி வாடல், தென்னைக் குருத்தழுகல் ஆகியவற்றிலும் இந்தக் குடும்பத்துக்குப் பங்கு உண்டு.

வெளியிலிருந்து பார்க்கப் பூஞ்சை மாதிரியே இருப்பதால், பல காலம் இதைப் பூஞ்சை என்றே பாடத்தில் படித்தார்கள். ஆனால் பூஞ்சையின் சுவரில் கைட்டின் முக்கியப் பொருள். இதன் சுவரில் செல்லுலோஸ். பூஞ்சைகள் தங்கள் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற பொருளைத் தயாரிக்கின்றன. பல பூஞ்சைக்கொல்லிகள் அந்தத் தயாரிப்பைத்தான் தடுக்கின்றன. ஃபைட்டோஃப்தோரா அதைத் தயாரிப்பதே இல்லை. இல்லாத இயந்திரத்தை நிறுத்த ஸ்விட்ச் தேடினால் என்ன ஆகும்? பணம் போகும், கொடியும் போகும். பூஞ்சைகளுக்குப் பரவலாகப் பயன்படும் கார்பென்டசிம் இதனிடம் எடுபடாது. மெட்டலாக்சில் போன்ற வேறு வகை மருந்து தேவைப்படுகிறது.

வெற்றிலைத் தோட்டத்தில் கொடி அழுகுகிறது என்றால், கடையில் 'பூஞ்சை மருந்து கொடுங்க' என்று கேட்பதற்கு முன்னால், எது அழுகவைக்கிறது என்று வேளாண் அலுவலரிடம் காட்டிக் கேட்பது ஏன் முக்கியம் என்பது இப்போது புரியும். வகைப்பாடு என்பது தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பட்டியல் மட்டும் இல்லை. எதிரில் நிற்பது யார் என்று தெரிந்துகொள்ளும் வேலை.

ஏரி ஓரம் இருந்தால்தான் கதை தொடரும்

மறுபடி வடக்குப்பட்டுக்கு வருவோம். தொல்லியல் அகழாய்வில் ஒரு கல் எந்த அடுக்கில் கிடந்தது என்பதை வைத்து அதன் காலத்தைச் சொல்கிறார்கள். அந்த அடுக்கு கலைந்துவிட்டால் கல் வெறும் கல்தான். பாட்ரிடியத்துக்கும் ஒரு அடுக்கு உண்டு. நிரம்பிய நீருக்கும் காய்ந்த தரைக்கும் நடுவே, சில வாரங்களுக்கு மட்டும் இருக்கும் அந்த ஈரச் சேற்றுப் பட்டைதான் அது.

ஏரி முழுவதும் மண் கொட்டி நிரப்பப்பட்டாலும், கரை செங்குத்தாகக் கான்கிரீட் சுவராக மாறினாலும் முதலில் காணாமல் போவது இந்தப் பட்டைதான். தண்ணீர் இருக்கும், மீன்கூட இருக்கலாம். மெல்லச் சரிந்து இறங்கும் சேற்று ஓரம் மட்டும் இருக்காது. அங்கே காத்திருந்த உறைகளுக்கு அடுத்த மழை வந்தும் பயனில்லை. ஏரி மீட்பு பற்றிப் பேசும்போது எவ்வளவு கொள்ளளவு என்று கேட்கிறோம். ஓரம் எப்படி இருக்கிறது என்றும் சேர்த்துக் கேட்கலாம்.

இந்தத் தை, மாசியில் ஏரிப் பக்கம் போகும் வாய்ப்பு கிடைத்தால், சேற்றைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கடுகு அளவில் பச்சை மணிகள் கூட்டமாகத் தெரிந்தால், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து போனில் படம் எடுங்கள். இடத்தையும் தேதியையும் குறித்துவையுங்கள். பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் ஆசிரியரிடம் காட்டினால், மைக்ரோஸ்கோப்பும் அயோடினும் அங்கே இருக்கும்.

நீலம் வந்தால் ஒரு குடும்பம். வராவிட்டால் வேறொரு குடும்பமாக இருக்கலாம்.